இரண்டு புத்தகம், பதினான்கு நாள்

ஒரு அட்டைக்கு இரண்டு புத்தகம்.
மேசையில் மூன்று.
மூட இன்னும் இருபது நிமிடம்,
யோகமலர் சன்னல்களைச் சாத்தத் தொடங்கிவிட்டா.
மானிப்பாய் நூலகத்தில்
சனிக்கிழமை இப்படித்தான் முடியும்.

முதலாவது, டிராகன்.
முதுகு கிழிந்து பசைத்தாள் ஒட்டியிருக்கு.
திறந்ததும் ஒரு வரைபடம்:
ஏழு ஆறுகள், அதில் ஒன்று மேல்நோக்கி ஓடுகிறது.
எங்கள் வழுக்கியாற்றை ஆறென்று சொன்னால்
மாரி கழிந்தபின் மாடுகளே சிரிக்கும்.
ஏழு என்பது கொஞ்சம் பேராசைதான்.
ஆனாலும் இந்தப் புத்தகத்தில் ஒரு பிழையும் பிடிக்க ஏலாது,
அங்கே போய்வந்தவர் ஒருவரும் இல்லை.
வங்கியில் காசெண்ணி,
ஐந்து ரூபா பிசகினாலும் இருட்டும்வரை இருந்து தேடுகிறவளுக்கு
அது எவ்வளவு ஆறுதல்.

இரண்டாவது, பாண்டியர் காலத்துக் கதை.
அறுநூறு பக்கம்,
குதிரைகளின் பிடரிமயிருக்கு மட்டும் ஒரு நாற்பது.
தளபதி கடல் கடந்து வருகிறான், எங்களை வெல்ல.
மூன்றாம் அத்தியாயம்வரை நான் அவன் பக்கம்தான்,
யாருடைய ஊருக்கு வருகிறான் என்பதையே மறந்து.
பிறகு அவன் கீரிமலையில் ஏறுகிறான்.
ஏறுகிறான்.
பாறை உருள, குதிரை நுரை தள்ள,
உச்சியில் நின்று நிலவைப் பார்த்துக்
கண்கலங்குகிறான்.
பக்கத்தின் கரையில் பென்சிலால் யாரோ,
கோபமில்லாத குண்டுக் கையெழுத்து:
'ஐயா, இங்கே மலை இல்லை.
கேணிதான் இருக்கு. வந்து குளிச்சுப் பாருங்கோ.'
கீழே நீல மையில் இன்னொருவர்: 'உண்மை.'
அதற்கும் கீழே: 'எண்டாலும் நல்லா ஏறுறான்.'

மூன்றாவது தடிப்பு. அண்மைக்கால வரலாறு.
சோதனைக்குப் படிக்கிறவர்கள் மட்டும் எடுப்பது.
நான் கடைசியிலிருந்து திறந்தேன், சொல்லடைவில்.
நாவற்குழி: பக்கம் 217.
'ஒக்டோபர் இறுதியில் லட்சக்கணக்கான மக்கள்
ஓரிரவில் வலிகாமத்திலிருந்து வெளியேறினர்.'
ஒரு வசனம்.
அடுத்த பந்தி பேச்சுவார்த்தைக்குப் போய்விடுகிறது.
பிழை சொல்ல ஏலாது. ஆண்டு சரி, மாதம் சரி,
அடிக்குறிப்பும் இருக்கிறது.
அந்த 'மக்கள்' என்ற சொல்லின்
இரண்டு ககரத்துக்கு நடுவில் எங்கோ
எட்டு வயதில் நான் நெருக்குப்பட்டு நிற்கிறேன்,
அப்பாவின் சைக்கிளில் கட்டிய தையல் மெசினைப் பிடித்தபடி.
ஒரு சாண் நகர ஒரு மணித்தியாலம்.
முன்னால் நின்ற மனிசன் குடையைக் கவிழ்த்துப் பிடித்து
நிரம்பிய தண்ணீரைப்
பிள்ளைகளுக்கு மட்டும் எண்டு நீட்டினார்.

நான் புத்தகத்தில் எழுதுகிறவள் இல்லை.
எழுதுகிறவர்களைப் பற்றி
யோகமலரிடம் முறைப்பாடு சொன்னவள்.
கைப்பைக்குள் பென்சில் இருந்தது.
இடக்கையால் மறைத்துக்கொண்டு,
217இன் கரையில், சின்னதாய்:
'மழை பெய்தது.'

கண்டுவிட்டா.
"எழுதினால் தண்டம் நூறு ரூபா, தெரியும்தானே."
புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி வாசித்தா.
பிறகு கண்ணாடியைக் கழற்றித்
துடைக்கத் தேவையில்லாததைத் துடைத்தா.
"ஓம்," எண்டா. "விடியும்வரைக்கும்."
நூறு ரூபாயை வாங்கிப் பற்றுச்சீட்டும் எழுதினா.

எந்த இரண்டு?
தடித்ததை நானே தட்டில் கொண்டுபோய் வைத்தேன்,
வழக்கத்தைவிடக் கொஞ்சம் வெளியே தள்ளி.
கரையில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது.

ஒழுங்கை தட்டையாய்க் கிடந்தது,
பனைகளுக்குக் கீழே ஒரு மேடுகூட இல்லை.
சைக்கிள் கூடைக்குள்
ஏழு ஆறுகளும் ஒரு மலையும்
குலுங்கிக் குலுங்கி வந்தன.